கிடைத்துவிட்டதாக ஒரு நன்றி

"கோயில்ல வாசிக்க வேண்டுதல்னு குடுத்தியா, நன்றின்னு குடுத்தியா? அத மட்டும் சொல்லும்மா."

"நன்றின்னுதான்."

"ஏன்?"

"ஏன்னா என்னடி கேள்வி? உன் நர்சிங் சீட்டுக்கும் அப்பிடித்தான் குடுத்தேன். வரலையா?"

"அது வேற, இது வேற."

"ஆண்டவருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஆண்டவர் யூடியூப் பார்க்க மாட்டாரும்மா. ஊரு பார்க்குது."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். குக்கரில் கறி வெந்துகொண்டிருந்தது. நான் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். திரையில் எங்கள் கோயிலின் பீடம் தெரிந்தது. பூக்கள், மெழுகுவர்த்திகள், மைக் முன்னால் பங்குத்தந்தை. அவர் தலைக்கு மேலே பெரிய சிவப்பு எழுத்துகள் வந்து வந்து போயின. 'நாக்பூர் அணியில் ஜெபஸ்டின்! குடும்பமே உறுதி செய்தது!' அதற்குக் கீழே ஃபாதரின் குரல், காலையில் நாங்கள் நேரில் கேட்ட அதே நிதானத்தோடு வாசித்தது: "சகாயம்மாள் குடும்பத்தினர், மகன் ஜெபஸ்டினுக்குக் கபடி அணியில் கிடைத்த ஒப்பந்தத்துக்காக இறைவனுக்கு நன்றி கூறி..."

கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஞாயிறு பூசையை நேரலையில் விடுவார்கள். நடக்க முடியாதவர்களும், துபாயில் இருப்பவர்களும் பார்ப்பார்கள். அன்றைக்கு வேறு யாரோ சிலரும் பார்த்திருக்கிறார்கள்.

"ஃபாதர் நல்லாத்தானே வாசிக்கிறாரு," என்றாள் அம்மா.

அண்ணன் ஜெபஸ்டின் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் காய வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது.

அண்ணன் கபடியில் இடது கார்னர். எதிரணி ஆள் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது ஓரத்தில் குனிந்து நின்று, சரியான நொடியில் கணுக்காலைப் பிடிக்கிறவன். அந்த நொடிக்கு முன்னால் அவனைப் பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கும். அவன் அந்த வருடம் முழுக்கக் காத்திருந்தது டிவியில் வரும் கபடி லீக்கின் நாக்பூர் அணிக்காக இல்லை. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கபடி அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. தேர்வுப் போட்டியில் அண்ணன் நன்றாக ஆடிவிட்டு வந்திருந்தான். அவன் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று உள்ளே இருந்தவர்களே சொல்லியிருந்தார்கள். தை வந்தால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே இந்த முறை கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையும், வார இறுதியில் ஊர் ஊராகப் போட்டியும்தான், முழங்கால் தாங்குகிற வரை.

நாக்பூர் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஓமலூரில் நடந்த மின்னொளிக் கபடிப் போட்டியில், நாக்பூர் அணியின் டீ-ஷர்ட் போட்ட ஒருவர் மைதானத்தின் ஓரத்தில் அண்ணனின் தோளில் கை வைத்து ஏதோ கேட்டார். அண்ணனும் கையை நீட்டி ஏதோ சொன்னான். அவ்வளவுதான் நடந்தது. அதை வர்ணனை மேடையிலிருந்து வளவன் பார்த்தார்.

வளவன் நாமக்கல்காரர். அண்ணனோடு பள்ளி அணியில் ஆடியவர். காலில் கம்பி வைத்த பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டார். சொந்தமாகக் கபடிச் சேனல் வைத்திருக்கிறார். மறுநாள் அவர் சேனலில், "ஒரு பேச்சுவார்த்தை நடந்திருக்கலாமோன்னு எனக்குத் தோணுது" என்று சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அண்ணன் பெயர் வெளியே தெரியட்டும் என்று நினைத்திருப்பார். அடுத்த நாள் மதுரையில் ஒரு சேனல், பேச்சுவார்த்தை நடப்பதாகச் சொன்னது. அதற்கடுத்து ஒன்று, தொகை அறுபது லட்சம் என்றது. அந்த அறுபது எங்கே பிறந்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. வாரக் கடைசியில் வளவனே தன் சேனலில் வந்து, பல ஊடகங்களும் இதை உறுதிப்படுத்திவிட்டன என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். அவர் விட்ட பட்டம் நான்கு ஊர் சுற்றிவிட்டு அவர் வீட்டு மாடியிலேயே வந்து இறங்கியிருந்தது. அது தன்னுடையதுதான் என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அண்ணன் எல்லோரிடமும் இல்லை என்றுதான் சொன்னான். டீக்கடையில் சொன்னான், பட்டறையில் சொன்னான். கேட்டவர்கள் கண்ணைச் சிமிட்டினார்கள். "வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். அவன் அழுத்திச் சொல்லச் சொல்ல அது இன்னும் உறுதியானது. அதற்குப் பிறகு அவன் சொல்வதைக் குறைத்துக்கொண்டான். குறைத்துக்கொண்டதையும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. காத்திருக்கும் அறையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பது, துடைப்பது, டாக்டருக்கு டீ வைப்பது. அதுவரை அவளை "சகாயம், அந்த பைலை எடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த டாக்டர், ஒருநாள் எல்லோருக்கும் லட்டு வாங்கி வைத்துவிட்டு, "இவங்க பையன்தான்" என்று நோயாளிகளிடம் அவளைக் காட்டினார். வாயில் பஞ்சை வைத்திருந்த ஒருவர் பேச முடியாமல் இரண்டு கையையும் கூப்பினாராம். அம்மா அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அண்ணன், "ஆனா அது உண்மையில்லம்மா" என்றான்.

"தெரியும்டா. இன்னும் வரலைன்னு தெரியும்."

'இன்னும்' என்று ஒரு சொல்லை அவள் சேர்த்துக்கொண்டதை அப்போது நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் செவ்வாய்க்கிழமை செபக்கூட்டத்துக்குப் போகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்று வேண்டுமென்றால் தா என்று கேட்க மாட்டார்கள். தந்ததற்கு நன்றி என்று சொல்வார்கள். கிடைத்துவிட்டதாக நம்பி முதலிலேயே நன்றி சொல்லிவிட்டால், கொடுக்காமல் இருக்க ஆண்டவருக்கு மனம் வராது என்பது அவர்கள் கணக்கு. வாடகை வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் புது வீட்டுக்கு நன்றி சொல்வார்கள். கட்டியோடு இருப்பவர்கள் சுகத்துக்கு நன்றி சொல்வார்கள். பூசைக்கு முன்னால் ஃபாதர் வாசிக்கும் நன்றிகளில் எது வந்தது, எது வரப்போவது என்று எங்கள் கோயிலில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே அதுவரை வந்ததில்லை.

அப்படித்தான் அம்மா சனிக்கிழமை கோயில் உபதேசியாரிடம் போய், பூசையில் வாசிக்க வேண்டிய கருத்தை எழுதிக் கொடுத்தாள். ஞாயிறு காலை அது வாசிக்கப்பட்டது. மதியத்துக்குள் எங்கள் கோயில் பீடம் ஒரு விளையாட்டுச் செய்தியாகிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் தன் கிளப்பின் தங்கசாமி ஐயாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலை பள்ளிபாளையத்துக்குக் கிளம்பினான். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சங்ககிரி தாண்டி லாரிகளுக்கு நடுவே போகும்போது, இந்தச் சாலையில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. பொய்தான். அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தங்கசாமி ஐயாவுக்கு ரிக் வண்டிகள் உண்டு. வட மாநிலங்களில் போர்வெல் போடும் வண்டிகள். அண்ணன் ஆடும் கிளப்பை நடத்துகிறவரும் அவர்தான். சென்னை அணிக்காரர்கள் கடைசியாகக் கேட்பது அவரைத்தான். வேலை கொடுத்த பிறகு ஆள் லீக்கில் சேர்ந்து ஓடிவிட்டால் அந்த இடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அதனால், பையன் நிற்பானா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஆணை போடுவார்கள்.

வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த வண்டிக்குக் கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வா சாமி, வா. தங்கச்சியா? வா கண்ணு. சௌந்திரம், ரெண்டு மோர் கொண்டா!" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "ஏஞ்சாமி, எங்கிட்டக்கூட மறைச்சுப்போட்டயே."

"இல்லீங்கய்யா. மறைக்க ஒண்ணுமே இல்லீங்க. அது பொய்ச் செய்திங்க."

"அட, யூடியூப்புல வந்தப்ப நானும் அப்பிடித்தான் சொன்னேன். வளவம்பய வாய்க்கு வந்ததச் சொல்லுவான், நம்பாதீங்கன்னு நானே சென்னைக்காரங்களுக்குச் சொல்லியிருந்தேன். கேட்டுப் பாரு."

"இப்பவும் அப்பிடியே சொல்லுங்கய்யா."

அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சின்ன வயசுல இம்புட்டு சம்பளம், நல்லாருப்பா" என்று அண்ணனின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

"நேத்து மத்தியானம் சென்னைக்காரரு கூப்புட்டாரு," என்றார் தங்கசாமி. "அந்த வீடியோவ அனுப்பிச்சு, இது நெசந்தானானு கேட்டாரு. நான் பார்த்தேன். கோயில்ல, சாமி முன்னால, மைக்குல படிக்கிறாங்க. உங்கம்மா பேரு சொல்லிப் படிக்கிறாங்க. கோயில்ல சொன்னத நான் எப்பிடி சாமி பொய்யின்னு சொல்றது?"

"அது வந்து... எங்கள்ள, கிடைக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லுவாங்கய்யா. அது ஒரு வழக்கம்."

"கிடைக்காமயேவா?"

"ஆமாங்க."

"கிடைச்சிருச்சுன்னு சொல்லியா?"

"ஆமாங்கய்யா."

தங்கசாமி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் எங்களை நம்பாமல் இல்லை. புரிந்துகொள்ள உண்மையிலேயே முயற்சி செய்தார். நெற்றியில் அது தெரிந்தது. ஆனால் அவர் பொங்கல் வைப்பது காரியம் முடிந்த பிறகு. கிடா வெட்டுவதும் முடிந்த பிறகு. முடியாத காரியத்துக்குக் கோயிலில் போய் முடிந்துவிட்டது என்று சொல்கிற ஒரு தாயை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

"நெசந்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன் சாமி," என்றார். "அப்ப வேற யாருன்னாங்க. நம்ம டீம் குமரன் பேரச் சொன்னேன். நீ மேல போயிட்ட, அந்தப் பயலுக்காவது ஆகட்டுமேன்னு."

அண்ணன் மோரை முழுவதும் குடித்து முடித்தான். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான்.

அங்கிருந்தபடியே சென்னைக்குப் பேசினான். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியல் காலையிலேயே மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி யார் சொன்னாலும் மாற்ற முடியாது, எப்படியானாலும் வாழ்த்துகள், நாக்பூரில் நல்ல பயிற்சியாளர் இருக்கிறார் என்றார். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

திரும்புவதற்கு முன் காவிரிப் பாலம் வரை போய், ஓரத்தில் வண்டியை நிறுத்தி வளவனைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், நான் என்னடா சொன்னேன்? பேசிட்டிருந்த மாதிரி தெரிஞ்சுதுன்னு சொன்னேன். அதுக்குமேல ஒரு வார்த்தை சொல்லல."

"அந்த ஆளு எங்கிட்ட பாத்ரூம் எங்கன்னு கேட்டாருடா."



"என்னது?"

"ஹிந்தில கேட்டாரு. எனக்குப் புரியறதுக்கே நேரமாச்சு. ஸ்கூலுக்குப் பின்னாடின்னு கையக் காட்டுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணனும் சிரித்தான். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

வளவன் அன்றைக்கே மறுப்பு வீடியோ போட்டார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து உட்கார்ந்து, தவறு தன்னுடையது, எந்த ஒப்பந்தமும் இல்லை, மன்னியுங்கள் என்றார். குரல் உடைந்தது. அதற்குக் கீழே ஜனங்கள் எழுதினார்கள்: 'மிரட்டிட்டாங்க போல.' 'எவ்வளவு வாங்கின?' 'அம்மாவே கோயில்ல சொல்லிட்டாங்க, இவன் யாரு?' அந்த வீடியோவைக் காட்டியே இன்னொரு சேனல், ஒப்பந்தத்தை ரகசியமாக வைக்க நெருக்கடி என்று செய்தி போட்டது.

லீக்கின் ஏலம் நடந்த நாளில் எங்கள் தெருவில் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அண்ணன் பெயர் வரவில்லை. எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும், இத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் யாருக்கும் ஏமாற்றமே இல்லை. காயம்பட்ட ஆளுக்குப் பதிலாக நேரடியாக எடுப்பார்கள், அதெல்லாம் ஏலத்தில் வராது என்று எதிர்வீட்டு ஜெஸ்ஸி அக்கா எனக்கு விளக்கினார். எனக்கே ஒரு நிமிடம், அப்படியும் இருக்குமோ என்று தோன்றியது. அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

அம்மா ஒருநாள் வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனாள். நான் வெளியே நின்றேன். பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு வந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இல்லைன்னு வாசிக்கச் சொன்னேன். நன்றி சொன்னது எப்பவும் தப்பாகாதும்மா, அதத் திருப்பி வாங்கற செபம் நம்மகிட்ட இல்லைன்னாரு."

நடந்துகொண்டே இருந்தோம். பேருந்து நிறுத்தத்தில் நின்றதும், "நான் கொஞ்சம் கூடவே நம்பிட்டேனோ, ஜெர்லின்?" என்றாள். அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முன்பைவிட மென்மையாக இருந்தான். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தினமும் சொன்னான். அது அம்மாவுக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அவள் போவது நின்றுவிட்டது. மருத்துவமனையில் டாக்டர், எப்போது கிளம்புகிறான் என்று கேட்கும்போதெல்லாம், சீக்கிரம் டாக்டர், சீக்கிரம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

குமரன் வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். அன்று அண்ணனுக்குப் பட்டறையில் விடுமுறை. குமரன் அவனோடு வலது கார்னரில் ஆடுகிறவன். ராசிபுரம் பக்கம், வாடகை வண்டியில் மரவள்ளி ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற குடும்பம். புதுச் சட்டை போட்டிருந்தான். மடிப்பு இன்னும் போகவில்லை. கையில் ஒரு ஸ்வீட் பெட்டி.

"ஆர்டர் வந்துருச்சுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு, வாசலிலேயே குனிந்து அண்ணன் காலைத் தொட்டான்.

"டேய், எந்திரிடா. காலைப் பிடிக்கறது என் வேலை," என்றான் அண்ணன். தூக்கி நிறுத்தி இறுக்கக் கட்டிக்கொண்டான்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டேன். அம்மா பெட்டியைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். நல்லா இரு சாமி என்று அவன் வாயில் ஒரு மைசூர்பாக்கை ஊட்டிவிட்டாள். குமரன் வாய் நிறைய இனிப்போடு பேசினான். திங்கட்கிழமை சேர வேண்டும், ஹாஸ்டல் கொடுக்கிறார்கள், அப்பா ஆர்டரை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டுகிறார் என்று நிறுத்தாமல் சொன்னான்.

"எல்லாம் உங்களாலதானுங்கண்ணா. நீங்க நாக்பூர் போகலைன்னா இது உங்களுதுதானே. தங்கசாமி ஐயாவே சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், அண்ணனுக்கு இதெல்லாம் சின்னது. இல்லீங்களா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். ஓரத்தில் குனிந்து நிற்கும்போது இருக்கிற அதே தூங்குகிற முகம். குமரனின் புதுச் சட்டையில் விழுந்த துணுக்கை விரலால் தட்டிவிட்டான்.

"ஆமாண்டா," என்றான். "சின்னதுதான். ஆனா உனக்குப் பெருசு. ஒழுங்கா ஆடு. அவசரப்பட்டு முன்னாடி பாயாத. வர்றவன் ரெண்டாவது கால ஊனட்டும், அதுக்கப்புறம் பிடி."

"சரிங்கண்ணா."

"பஸ் எத்தன மணிக்கு?"

"இப்பவே கிளம்போணுங்க. அப்பா கீழ நிக்கறாரு."

எழுந்தான். அம்மாவிடம் சொல்லிக்கொண்டான். என்னிடம், வாரேங்க என்றான். படி வரை போனவன் திரும்பி வந்தான். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்திருக்கும். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். சமையலறை வாசலில் அம்மா தட்டோடு நின்றிருந்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க போய்ச் சேர்ந்து, ஒரு வருசம் ஆனதுக்கு அப்புறமாவது... நாக்பூர்க்காரங்ககிட்ட எம்பேரையும் ஒரு வார்த்தை சொல்றீங்களாண்ணா?"